காசல் நெரிசலில் முளைத்த மலை

ஓடாத கதிரையில் இருக்கத் தெரியாத மனிதர் ஒருவர் உண்டு என்றால் அது ஜேர்மனியில், எங்கள் கெல்சென்கிர்ச்சன் நகரத்து றெக்ஸ்தான். கோயிலில் பூசை முடியும்வரை பின்கதவோடு நின்றுகொண்டிருப்பார். கலியாண மண்டபத்தில் இலை போடுகிற நேரம் பார்த்து, வெளியே கார்கள் ஒழுங்காக விடப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கப் போய்விடுவார். வீட்டிலே தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குசினிக்கும் பல்கனிக்கும் நடந்துகொண்டே குடிப்பார். “இந்த மனுசனுக்குக் கதிரையில சில்லுப் பூட்டிக் குடுக்கவேணும்” என்பது அவருடைய மனைவி சாண்ட்ரா அடிக்கடி சொல்கிற வசனம்.

கடவுள் அந்தக் கதிரைக்குச் சில்லுப் பூட்டித்தான் கொடுத்திருந்தார். றெக்ஸ் சுற்றுலா பஸ் ஓட்டுகிறவர். ஓய்வூதியக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஹார்ட்ஸ் மலை, மோசல் ஆற்றங்கரை, ஆல்ப்ஸ் அடிவாரம் என்று வருடம் முழுக்கப் போய்வருவார். அவரிடம் ஒரு விசித்திரம் உண்டு. நின்றுகொண்டு நாலு வார்த்தை சேர்த்துப் பேச அவரால் முடியாது. எஞ்சின் உறுமவேண்டும், கண் பாதையில் இருக்கவேண்டும், எதிரே ஒரு மனித முகமும் தெரியக்கூடாது. அப்போது கையில் மைக்கைக் கொடுத்தால் போதும், மேட்டூர் அணை திறந்த மாதிரித்தான்.

மைக்கில் அவர் சொல்வது எதை? தன்னுடைய இலங்கைத் தீவை. ஹார்ட்ஸ் மலையில் மூடுபனி இறங்கினால், “இது என்ன மூடுபனி? எங்கள் நுவரெலியாவில் மூடுபனி வந்தால் மாட்டைக் கட்டிவிட்டு வீட்டுக்குள் போகிறவர்கள் காலையில் கயிற்றைப் பிடித்துத் தடவித்தான் மாட்டைக் கண்டுபிடிப்பார்கள்” என்பார். கண்டி அரசர்களைச் சொல்வார். அவர்களை மலைதான் முந்நூறு வருடம் காத்தது என்பார். வெள்ளைக்காரன் முதலில் கோப்பியை நட்டு, அது நோயில் பட்டுப்போக, அதே மலையில் தேயிலையை நட்ட கதையைச் சொல்வார். மலையேறுகிற ரயில் எவ்வளவு மெதுவாகப் போகும் என்றால், முன்பெட்டியில் இருப்பவர் இறங்கி, பூப்பறித்து, மனைவியின் தலையில் வைத்துவிட்டுப் பின்பெட்டியில் ஏறலாம். மழைக்காட்டு அட்டைகள் மரியாதையானவை. வரிசையில் நின்றுதான் கடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலே சிவனொளிபாதமலை. உச்சியில் ஒரே ஒரு பாதச்சுவடு. அதற்கு உரிமை கேட்டுப் புத்தர் பக்கம், சிவன் பக்கம், ஆதாம் பக்கம், தோமையார் பக்கம் என்று நாலு சொந்தக்காரர். “ஒரு காலுக்கு நாலு சப்பாத்து” என்று றெக்ஸ் சொன்னால் பஸ் முழுக்கச் சிரிக்கும்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். றெக்ஸ் அந்த மலைகளில் ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை.

சிரிக்கவேண்டாம். நம்மில் எத்தனை பேர் கண்டோம்? அவர் மன்னார்க்காரர். அங்கே கறையான் புற்றுக்கு மேலே ஏறி நின்றால் அதுதான் மலை. பத்தொன்பது வயதில், சண்டை நாட்களில், யன்னல் அடைத்த பஸ்ஸில் கொழும்புக்குப் போய், கிழக்கு பெர்லின் வழியாக இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தவர். சண்டை ஓய்ந்த பிறகு ஊருக்குப் போகாமல் இல்லை. ஆனால் நம்மவர் ஊருக்குப் போகிற விதம் ஒன்று இருக்கிறதே! கட்டுநாயக்காவில் இரவு விமானம் இறங்கும். மச்சான் பிடித்துவிட்ட வான் வாசலில் நிற்கும். சொக்லேட்டும் கோடாலித் தைலமும் நிறைந்த பெட்டிகளைத் திணித்து, அதற்கு மேலே நாமும் திணிந்து, சிலாபம் தாண்டுமுன் குறட்டை. கண் விழித்தால் மன்னார்ப் பாலம். கலியாணம், செத்தவீடு, மடுத் திருவிழா, பிறகு அதே வான், அதே இரவு, அதே குறட்டை. இலங்கையின் மலையெல்லாம் வலப்பக்க யன்னலுக்கு அப்பால் எங்கேயோ இருட்டுக்குள் நிற்க, நாம் வாய் பிளந்து தூங்கியபடி தாண்டிவிடுகிறோம். பிறகு இங்கே வந்து, “ஸ்ரீலங்காவா! தேயிலை! மலை!” என்று ஜேர்மன்காரர் கண்ணை விரித்தால், “ஓமோம்” என்று தலையாட்டுகிறோம். றெக்ஸ் கொஞ்சம் அதிகமாக ஆட்டிவிட்டார், அவ்வளவுதான்.

அவருடைய மலைகள் வந்தது அல்பேர்ட் என்பவரிடமிருந்து. மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இங்கே வந்த புதிதில் அகதி விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. றெக்ஸுக்கு நித்திரை வராது. அல்பேர்ட்டுக்கு வாய் மூடாது. அப்படி ஒரு குளிர்காலம் முழுக்க அந்த அறைக்குள் மலைகள் வளர்ந்தன. பிறகு அல்பேர்ட் கொலோனுக்குப் போய்விட்டார். மலைகள் றெக்ஸோடு தங்கிவிட்டன.

போன வசந்தத்தில்தான் வினை பிடித்தது. பஸ் நிறுவனத்து முதலாளி அம்மா றெக்ஸைக் கூப்பிட்டு, “தை மாதம் உங்கள் தீவுக்கு ஒரு சுற்றுலா. மலைநாடு முழுக்க. வழிகாட்டி நீங்கள்தான். சனம் ஏற்கெனவே கேட்கிறது” என்றார். எஞ்சின் ஓடாத அறை அது. றெக்ஸுக்கு மறுப்புச் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கிழமையே இடமெல்லாம் நிரம்பிவிட்டது. முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர் கொவால்ஸ்கி அம்மா. சுரங்கத் தொழிலாளி ஒருவரின் விதவை, எண்பதை எட்டிப் பார்க்கிறவர், றெக்ஸின் பஸ்ஸில் சாரதிக்கு நேர் பின்சீற்றைப் பரம்பரைச் சொத்துப்போல வைத்திருப்பவர். அவர் பேசியது ஜேர்மன் மொழியில்தான். ஆனால் மன்னாரில் பிறந்திருந்தால் எப்படிப் பேசியிருப்பாரோ அப்படியே இங்கே எழுதுகிறேன். அந்த வாய்க்கு அதுதான் பொருத்தம்.

அன்றிலிருந்து றெக்ஸ் வீட்டில் நிலம் தேய்ந்தது. இரவில் எழுந்து பல்கனிக்கும் குசினிக்கும் நடை. பிறகு ஒரு யோசனை வந்தது. மலையேறிப் பழகவேண்டும். இந்தப் பக்கத்தில் மலைக்கு எங்கே போவது? சுரங்கம் தோண்டிய காலத்தில் நிலக்கரியோடு வந்த கல்லையும் மண்ணையும் கொட்டிக் கொட்டி உண்டான பெரிய மேடுகள் இருக்கின்றனவே, படியும் கட்டி, புல்லும் முளைத்து! லீவு நாளில் சாண்ட்ராவையும் இழுத்துக்கொண்டு அதில் ஏறத் தொடங்கினார்.

“இஞ்சருங்கோ, இது மலையில்லை, கரிக்குப்பை” என்றார் சாண்ட்ரா, பாதிவழியில் மூச்சு வாங்கியபடி.

“ஜேர்மன்காரர் இதிலை ஏறி நிண்டுதான் சூரியன் உதிக்கிறதைப் பாக்கினம்.”

“போன மாசம் எங்கட வீட்டில முருங்கைக்காயைச் சக்கையோட விழுங்கினதும் ஒரு ஜேர்மன்காரர்தான். அவை செய்யிறதெல்லாத்தையும் நாங்களும் செய்யிறதோ?”

உச்சியில் காற்று அடித்தது. கீழே புகைபோக்கிகளும் கால்வாயும் தெரிந்தன. படியில் டொக் டொக் என்று சத்தம். பார்த்தால், இரண்டு கையிலும் ஊன்றுதடியோடு கொவால்ஸ்கி அம்மா ஏறி வருகிறார்.

“றெக்ஸ், நீங்களும் பழகிறியளோ? நல்லது. இதைப்போல எத்தினை தரம் ஏறினா உங்கட மலை வரும்?”

“ஒரு… பத்துத் தரம்” என்றார் றெக்ஸ், பக்கத்துப் பற்றையைப் பார்த்தபடி.

“அப்ப நாளையில இருந்து ரெண்டு தரம் ஏறுறன். முழங்கால் கத்தும். கத்தட்டும். எனக்கு அந்த நிழலைப் பாக்கவேணும்.”

நிழலைச் சொல்லவேண்டும். விடியற்காலையில் சூரியன் எழும்பும்போது சிவனொளிபாதமலையின் நிழல் எதிர்ப்பக்கத்தில் முக்கோணமாக விழுந்து, மூடுபனிமேல் எழும்பி நிற்குமாம். அதைக் காண்பவர் தன் மனதில் உள்ள சுமை ஒன்றை அதன்மேல் வைத்தால், நிழல் சுருங்கிப் போகும்போது அந்தச் சுமையையும் கொண்டுபோய்விடுமாம். றெக்ஸ் பஸ்ஸில் சொன்னது.

“என்ர மனுசன் நெஞ்சில கரித்தூசு பிடிச்சுச் செத்தவர், தெரியும்தானே” என்றார் கொவால்ஸ்கி அம்மா. “அவர் போய் வருசக்கணக்கு. அவற்ற இருமல் மட்டும் போகேல்லை. ஒவ்வொரு நாளும் படுத்தா பக்கத்து அறையில கேக்குது, பஸ்ஸில ஏறினா பின்னால கேக்குது. டொக்டர் காதைப் பாத்தார், மூளையைப் பாத்தார், ஒண்டுமில்லையாம். நான் அந்த இருமலைக் கொண்டுபோய் நிழலில வைக்கப்போறன்.” சொல்லிவிட்டு, தடியை ஊன்றி இறங்கத் தொடங்கினார்.

அவர் மறையும்வரை சாண்ட்ரா படியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கணவன் பக்கம் திரும்பினார்.

“நிழல் சுமையைக் காவிக்கொண்டு போகுமெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?”

“அல்பேர்ட் அண்ணை.”

“என்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ.”

“நிழலை அவர்தான் சொன்னவர். மிச்சம்… காசல் ரவுனுக்குக் கிட்ட, பஸ் ஓட்டேக்க வந்தது.”

“வந்ததோ?”

“நெரிசல், சாண்ட்ரா! பாதை மூடிப்போட்டாங்கள். சனம் சலிச்சுப்போய் இருக்கு. இவ பின்னால இருந்து பெருமூச்சு விடுறா. எனக்கு வாய் சும்மா இருக்குமோ?”

“அந்த மனுசி முழங்காலையும் முறிச்சு, இருமலையும் காவிக்கொண்டு உங்கட நெரிசலுக்கை ஏறப்போறா” என்றார் சாண்ட்ரா. பிறகு திரும்பிப் பாராமல் இறங்கி வீட்டுக்கு நடந்தார். றெக்ஸ் அவருக்கு முன்னும் பின்னுமாக நடந்து, ஒன்றுக்கு மூன்று மடங்கு தூரம் நடந்தார்.

அடுத்த லீவு நாள் வந்ததும் வராததுமாகக் கொலோனுக்கு ஓடினார் றெக்ஸ். அல்பேர்ட் இப்போது பேரக்குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவருகிற உத்தியோகத்தில் இருந்தார். றெக்ஸ் கதவுக்குள் கால் வைக்கும்போதே தொடங்கிவிட்டார்.

“அண்ணை, நீங்கள் எங்களோட வரவேணும். உச்சிக்குப் போற வழி, எந்தப் பக்கம் நிழல் விழும், எல்லாம் நீங்கள்தான் சொல்லவேணும்.”

“முதல்ல ஒக்காருங்க தம்பி.”

“இருக்கேலாது அண்ணை, சொல்லுங்கோ.”

அல்பேர்ட் தாடையைச் சொறிந்தார். “நான் அந்த மலையில ஏறுனதே இல்லீங்களே.”

றெக்ஸ் நடந்துகொண்டிருந்த நடை நின்றது. அப்படி அது நின்றதைப் பார்த்தவர் உலகத்தில் அல்பேர்ட் ஒருவர்தான்.

“என்னண்ணை சொல்லுறியள்? மலைக்குக் கீழதானே பிறந்தனீங்கள்?”

“பொறந்தேன். தோட்டத்து லயத்து வீட்டு வாசல்ல நின்னு தெனம் அதைப் பாத்துக்கிட்டுத்தான் பல்லு வெளக்குனேன். மேல போறவங்களுக்கு எங்க அம்மா தேத்தண்ணி ஊத்திக் குடுப்பாங்க. எறங்கி வர்றவங்க நெழலைப் பத்திச் சொல்லுவாங்க. நாங்க ஏற நேரம் ஏது? கொழுந்து காத்துக்கிட்டா இருக்கும்?” பிறகு குரலை இறக்கினார். “அந்த மலையிலேருந்து எறங்கத்தான் எங்க ஆளுங்க இம்புட்டுப் பாடுபட்டாங்க. நீங்க என்னை டிக்கட் போட்டு ஏத்தப் பாக்குறீங்க.”

றெக்ஸ் கதிரையில் இருந்தார். இருந்தே விட்டார்.

அல்பேர்ட்டுக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்கவேண்டும். “ஒண்ணு தெரியுமா தம்பி? எங்க பாட்டனுக்குப் பாட்டன் இந்தியாவிலேருந்து தோணியில வந்து எறங்குனது எந்தக் கரையில? ஒங்க மன்னார்க் கரையில. ரயிலு கெடையாது. அங்கேயிருந்து காட்டுக்குள்ள நடந்தே மலைக்குப் போனாங்க. தண்ணியில்லாம, காய்ச்சல் வந்து, பாதையோரமே எத்தனையோ பேரு. எங்க மலைக்கு வாசக்கதவு ஒங்க ஊர்தான். நீங்க வாசல்ல பொறந்துட்டு உள்ள வரல. நான் உள்ள பொறந்துட்டு மாடி ஏறல.”

தன் ஊர்க் கரையில் அப்படி ஒரு சனம் இறங்கி நடந்ததை றெக்ஸ் ஐம்பத்தேழு வயதுவரை கேள்விப்பட்டதில்லை. அல்லது கேட்டும் மறந்திருக்கலாம். பள்ளிக்கூடத்திலும் அவர் வாங்கில் இருந்த நேரம் குறைவு.

கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை பின்னேரம் ஒன்றில், பங்குக் கோயில் மண்டபத்தில் பயணிகளுக்கான விளக்கக் கூட்டம் வைத்தார்கள். சாண்ட்ரா மட்டன் ரோல்சும் இஞ்சித் தேத்தண்ணியும் கொண்டுபோனார். திரையில் சிவனொளிபாதமலை பெரிதாக நின்றது. றெக்ஸ் மைக்கைப் பிடித்தபடி அதற்குப் பக்கத்தில் நின்றார். எதிரே வரிசை வரிசையாக முகங்கள். இத்தனை வருடமும் அவர் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டிய முகங்கள் இப்போது ஒரேயடியாக முன்னால் வந்து உட்கார்ந்திருந்தன. “வணக்கம்” என்றார். தொண்டையைச் செருமினார். மறுபடி “வணக்கம்” என்றார். மைக்கை இடக்கைக்கு மாற்றினார். கண்கள் கதவைத் தேடின.

இடைவெளியை நிரப்ப நினைத்த யாரோ ஒரு பெரியவர், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த சாண்ட்ராவிடம் கேட்டார்: “நீங்கள் சொல்லுங்கோ, உச்சியில விடியக்காலமை குளிர் எப்பிடி?”

சாண்ட்ரா கேத்தலை மேசையில் வைத்தார். முன்வரிசையில் கொவால்ஸ்கி அம்மா, முழங்காலில் கட்டுப் போட்டபடி, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியாது” என்றார் சாண்ட்ரா. “நாங்கள் ரெண்டு பேரும் அங்க போனதே இல்லை.”

ரோல்ஸ் கடித்துக்கொண்டிருந்த தலைகளெல்லாம் றெக்ஸ் பக்கம் திரும்பின.

றெக்ஸ் மைக்கைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தார். பக்கக் கதவால் வெளியேறினார். பயணிகளை ஏற்றி வந்த பஸ் முற்றத்தில் நின்றது. ஏறி, தன் ஆசனத்தில் இருந்து, எஞ்சினை முடுக்கினார். எங்கே போவது என்று அவருக்குத் தெரியாது. ஓடவேண்டும் என்று மட்டும் தெரியும். அப்படியே டென்மார்க்வரை போயிருப்பார் என்பது என் துணிபு.

ஆனால் ஒன்றை அவர் மறந்துவிட்டார். அந்த முதியவர்களைப் பழக்கியவர் அவர்தான். எஞ்சின் சத்தம் கேட்டால் கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, கைப்பையை எடுத்து, வரிசையாக வந்து அவரவர் இடத்தில் ஏறி இருக்கவேண்டும்; பிந்துகிறவர்களை றெக்ஸ் மைக்கில் பகிடி பண்ணுவார். சத்தம் கேட்டது. எல்லோரும் எழும்பினார்கள். கோபப்பட்டவர்களும் எழும்பினார்கள்; ஏனென்று கேட்டவர்களும் எழும்பினார்கள். றெக்ஸ் கண்ணாடியில் பார்க்கும்போது பஸ் நிரம்பியிருந்தது; ஒருவர் கையில் இன்னும் ரோல்ஸ் இருந்தது. தன் நேர் பின்சீற்றில் கொவால்ஸ்கி அம்மா பட்டியைக் கொளுவிக்கொண்டு, “எல்லாரும் ஏறியாச்சு” என்றார், வழமைபோல. கடைசியாக ஏறிய சாண்ட்ரா படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, வெளியே பார்த்தார்.

இனி என்ன செய்வது? ஓட்டினார்.

பஸ் நெடுஞ்சாலைக்கு ஏறியது. இடப்பக்கம் கரிமேடு ஒன்று போனது, பிறகு இன்னொன்று. றெக்ஸின் வலக்கை, மூளையைக் கேட்காமலே, மைக்கை எடுத்தது.

முதலில் மன்னாரைச் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாக, தான் கண்டதைச் சொன்னார். தட்டைத் தரை, உப்புக் காற்று, பாதை நடுவில் நின்று பஸ்ஸுக்கு வழிவிட மறுக்கும் கழுதைகள், பத்துப் பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பெருக்கமரம். மழை வந்தால் கடல் எது, ஊர் எது என்று மீனே குழம்பும் என்றார். முழு உண்மைக்குள் அவ்வளவு நேரம் மூச்சடக்கி இருக்க அவரால் முடியவில்லை. பிறகு அந்தக் கரையில் இறங்கி மலைக்கு நடந்த சனத்தைச் சொன்னார். அல்பேர்ட் சொன்னதற்கு ஒரு சொல்லும் கூட்டவில்லை.

பின்னால் ஒருவர், “என்ர பாட்டனும் போலந்தில இருந்து இப்பிடித்தான் நிலக்கரிக்கு வந்தவர்” என்றார். “அவர் நடந்தவரோ?” என்று கேட்டார் இன்னொருவர். “அரைவாசித் தூரம்.” “மிச்சம்?” “குடிச்சுக்கொண்டு வந்தவர், அவருக்கே தெரியாது.”

சிரிப்பு அடங்கியபோது றெக்ஸ் சொன்னார்: “நாங்கள் மன்னாரில இருந்து தொடங்குவம். அவை போன பக்கமாவே, பகலில, யன்னல் திறந்து, மலைக்குப் போவம். மலையில எனக்கு ஒண்டும் தெரியாது. அங்க நானும் உங்களைப்போல ஒரு பயணிதான்.”

“நிழல்?” என்றார் கொவால்ஸ்கி அம்மா, காதுக்குப் பின்னாலிருந்து.

“நிழல் உண்மை. கண்ட ஆக்கள் சொல்லியிருக்கினம்.”

“சுமை?”

பஸ் ஒரு கால்வாயைத் தாண்டியது. “அது காசலுக்குக் கிட்ட வந்தது, ஃப்ராவ் கொவால்ஸ்கி. நெரிசலில. நீங்கள் பெருமூச்சு விட்டனீங்கள்.”

 றெக்ஸ் கண்ணாடிப் பக்கம் கண்ணை விடாமல் ஓட்டினார். அடுத்த வெளியேறும் வழியையும் விட்டுவிட்டார். நின்றால் அந்த முகத்தைப் பார்க்கவேண்டி வரும்.

“அண்டைக்கு நாங்கள் அந்த நெரிசலில நிண்டது கனநேரம்” என்றார் கொவால்ஸ்கி அம்மா கடைசியாக. “அந்த நேரம் முழுக்க எனக்கு இருமல் கேக்கேல்லை. நான் போவன். ஆனா ஒரு நிபந்தனை. அங்க பஸ்ஸை வேற ஆள் ஓட்டவேணும். நீங்கள் எனக்குப் பக்கத்தில, யன்னலோரமா, ஆடாமல் அசையாமல் இருக்கவேணும். எழும்பினா இந்தத் தடியால போடுவன்.”

படிக்கட்டுப் பக்கமிருந்து சாண்ட்ரா முதல்முறையாகத் திரும்பினார். “ரெண்டு தடியாலயும் போடுங்கோ” என்றார்.

தை மாதம் போனார்கள். அல்பேர்ட்டும் போனார், வரமாட்டேன் வரமாட்டேன் என்றவர் டுசெல்டோர்ஃப் விமான நிலையத்துக்கு எல்லோருக்கும் முதல் வந்து நின்றாராம். மன்னாரில் இருந்து மலைவரை றெக்ஸ் யன்னலோரம் இருந்தார். வளைவுக்கு வளைவு அவருடைய வலக்கால் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து, அந்தச் சீற்றுக்குக் கீழே தகரம் குழிந்துபோனதாகச் சொல்கிறார்கள். தகரத்தை நான் பார்க்கவில்லை.

உச்சியில் என்ன நடந்தது? மேகம் மூடிவிட்டது, ஒன்றும் தெரியவில்லை என்று றெக்ஸ் சொல்கிறார். அவர் இப்போது உண்மை பேசுகிற நோயில் இருப்பதால் நம்பலாம். தான் நிழலைத் தேடவேயில்லை, பிறந்த லயத்தின் கூரையைத்தான் மேலேயிருந்து தேடினேன் என்கிறார் அல்பேர்ட். கொவால்ஸ்கி அம்மா மட்டும் நிழல் வந்து நின்றது, பஸ்ஸைவிடப் பெரிது, வணக்கம் சொன்னது என்கிறார்.

இப்போது காசலைத் தாண்டும்போது பஸ்ஸில் மைக்கைப் பிடிப்பது அவர்தான். றெக்ஸ் வாய்மூடி ஓட்டுகிறார். இடையிடையே தாங்கமுடியாமல், “அப்பிடி இல்லை, ஃப்ராவ் கொவால்ஸ்கி” என்கிறார். “நீங்கள் பாதையைப் பாருங்கோ” என்று பதில் வருகிறது.

“இருமல் போயிட்டுதோ?” என்று கேட்டால் கொவால்ஸ்கி அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் சொல்வார்:

“அது அங்கயே நிண்டிட்டுது. கரித்தூசு இல்லாத இடம்தானே. அதுக்குப் பிடிச்சுப்போச்சு.”